வழிப்போக்கரும் விருந்தோம்புநரும்

நுழையும்முன்

சத்திரமும் சாவடியும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்து வழிப்போக்கரைப் பேணிய மண் தமிழ்மண். அவ்வறம் இன்று விடுதி மேலாண்மை, சுற்றுலா என்னும் தொழில்துறைகளாக விரிந்து, பல்லாயிரவர்க்கு வாழ்வளிக்கிறது. இத்தொழிலின் உயிர்நிலை எது என்பதைத் திருவண்ணாமலைக்கு வந்து, பின்னர் அங்கு வந்தோரையெல்லாம் வரவேற்ற இரமண மகரிஷியின் வாழ்க்கையிலிருந்து அறியலாம்.

விருந்தினர்க்கென ஒரு பகுதி

இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று சுந்தரம் ஐயர், அழகம்மை இணையர்க்கு மகனாகப் பிறந்தவர் வேங்கடராமன். தந்தையார் அவ்வூரில் வழக்குரைஞராகத் தொழில் செய்தவர். அவரது வீடு இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்றில் குடும்பத்தார் வாழ, மற்றொன்று விருந்தினர்க்கென ஒதுக்கப்பட்டிருந்தது. ஊருக்குப் புதிதாக வரும் அலுவலர்கள் வேறு வீடு அமையும்வரை அங்குத் தங்குவதுண்டு. 1892 இல் தந்தையார் மறைந்தபின், வேங்கடராமன் மதுரையில் சிற்றப்பாவின் இல்லத்தில் தங்கிப் பயின்றார்.

மூன்று ரூபாய்ப் பயணம்

1896 ஆகஸ்டு 29 அன்று, பதினாறு வயது வேங்கடராமன் அண்ணாமலையை நாடி வீட்டைவிட்டு வெளியேறினார். தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்கெனக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்துடன் வைத்துச் சென்றார். பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்துத் திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள தொடர்வண்டி நிலையம் திண்டிவனமே எனக் கருதினார். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குப் பயணச்சீட்டு வாங்கினார். வண்டியில் உடன் பயணம் செய்த இசுலாமியப் பெரியவர் ஒருவரே, விழுப்புரத்தில் இறங்கினால் திருவண்ணாமலைக்குக் கிளைப்பாதையில் வேறு வண்டி உண்டு என்று எடுத்துரைத்தார்.

விழுப்புரத்தில் இறங்கியபோது எஞ்சியிருந்தது இரண்டரை அணா மட்டுமே. உணவகம் ஒன்றில் உண்டுவிட்டு விலை கொடுக்க முன்வந்தார். கையிருப்பு எவ்வளவு என்று வினவி அறிந்த உணவகத்தார், அக்காசை அவரே வைத்துக்கொள்ளும்படி கூறிவிட்டார். ஒருவேளை உணவின் விலையை அவர் இழந்தார். ஆயினும் அந்த இரண்டரை அணாவே சிறுவனை மாம்பழப்பட்டுவரை தொடர்வண்டியில் கொண்டுசேர்த்தது.

அங்கிருந்து நடந்து அறையணிநல்லூரை அடைந்தார்; பின்னர் அருகிலுள்ள கீழூர் சென்றார். பசியால் களைத்து மயங்கி விழுந்த அவரை, முத்துகிருஷ்ண பாகவதரின் இல்லம் வரவேற்றது. அன்று கோகுலாட்டமி. வீட்டு அம்மையார் வயிறார உணவளித்தார். பாகவதர் பொற்கடுக்கனை அடகாகப் பெற்று நான்கு ரூபாய் தந்தார். வழிக்குப் பலகாரப் பொட்டலமும் கிடைத்தது. செப்டம்பர் 1 காலை தொடர்வண்டி அவரைத் திருவண்ணாமலையில் இறக்கியது. கோயிலை வணங்கியபின் கையில் எஞ்சிய பணத்தை ஐயன்குளத்தில் எறிந்தார். அன்றுமுதல் வாழ்நாளின் இறுதிவரை அவர் அவ்வூரைவிட்டு நீங்கவில்லை.

மலையேறி வந்த உணவு

ஆயிரங்கால் மண்டபம், பாதாள இலிங்கம், குருமூர்த்தம் எனப் பல இடங்களில் தங்கியபின், மலைமீதுள்ள விரூபாட்சிக் குகையிலும் கந்தாசிரமத்திலும் பல்லாண்டுகள் வாழ்ந்தார். அக்காலத்தில் ஊரார் அளித்த உணவே அவரையும் உடனிருந்தோரையும் காத்தது. கணவரையும் மக்களையும் இளமையிலேயே இழந்த எச்சம்மாள், 1907 முதல் நாள்தோறும் உணவு சமைத்துக் கொண்டுவந்தார். 1945 இல் தாம் மறையும்வரை அத்தொண்டைத் தொடர்ந்தார். 1916 இல் மகனுடன் வாழ வந்த அழகம்மையார் அங்குச் சமையலைத் தொடங்கினார். 1922 மே 19 அன்று அவர் மறைந்தபின், அவரது சமாதியைச் சூழ மலையடிவாரத்தில் இரமணாசிரமம் உருவாயிற்று.

அடுக்களையில் விடியல்

ஆசிரமம் வளர்ந்த காலத்தில் இரமணர் விடியுமுன் எழுந்து அடுக்களைக்குச் செல்வார். காய்கறி நறுக்குவார், அரைப்பார், சமையல் பக்குவத்தையும் கற்பிப்பார். சிதறிய தானிய மணிகளைக்கூடப் பொறுக்கி எடுப்பார். தமக்கெனத் தனியே எதையும் பரிமாறுவதை அவர் ஏற்றதில்லை. பிறர்க்குக் கிடைக்காத ஒன்று தமக்கும் வேண்டா என்பதே அவர்தம் நெறி. ஆசிரமத்துக்கு வந்த கடிதங்களும் அவற்றுக்கு எழுதப்பட்ட மறுமொழிகளும் அஞ்சலில் சேர்க்குமுன் அவர் பார்வைக்கு வந்தன.

விருந்தினர் எழுதிய விளம்பரம்

1931 இல் பால் பிரண்டன் என்னும் ஆங்கில இதழாளர் இங்கு வந்தார். 1934 இல் இலண்டனில் வெளியான அவரது இந்தியப் பயணநூல் திருவண்ணாமலையை உலகம் அறியச் செய்தது. ஆசிரமம் பொருள் செலவிட்டு விளம்பரம் செய்யவில்லை. வந்தவர் தாம் கண்டதை எழுதினார், படித்தோர் பயணம் புறப்பட்டனர். இன்று பயணிகள் கைப்பேசியில் பதியும் மதிப்புரையைப் படித்தபின் பிறர் விடுதியைத் தெரிவுசெய்வதும் இவ்வகையினதே. கருவி மாறினும், விருந்தினரின் சொல்லே வலிய விளம்பரம் என்பது மாறவில்லை. 1938 இல் எழுத்தாளர் சாமர்செட் மாம் வந்தபோது மயங்கிப் படுத்திருந்தார். விருந்தினர் எழுந்து வரட்டும் எனக் காத்திராமல், இரமணரே அவரிருந்த இடத்துக்குச் சென்று உடனமர்ந்தார்.

அடையாக் கதவு

முதுமையில் உடல் தளர்ந்தபோது, நண்பகலில் அவர் ஓய்வெடுக்கட்டும் என்று நிருவாகத்தார் இரண்டு மணிநேரம் பார்வையாளரைத் தடுத்தனர். அதனை அறிந்த இரமணர் அந்நேரத்தில் கூடத்தைவிட்டு வெளியே வந்து அமர்ந்தார். தடை பிறர் உள்ளே வருவதற்குத்தானே ஒழியத் தாம் வெளியே செல்வதற்கு இல்லை என்பது அவர் தந்த விளக்கம். நிருவாகத்தாரின் கவலையிலும் நியாயம் உண்டு. எனினும் தொலைவிலிருந்து வந்தவர் காணாமலே திரும்பக்கூடாது என்பதை அவர் பெரிதாகக் கருதினார். புற்றுநோயால் வாடிய இறுதி நாள்களிலும் மக்கள் தம்மைக் காண்பதைத் தடுக்கவேண்டா என்று வலியுறுத்தினார். 1950 ஏப்ரல் 14 அன்று இரவு அவரது வாழ்வு நிறைவுற்றது.

இன்று முழுநிலா நாள்களில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் பெருந்திரளாக நடக்கின்றனர். சிறப்புப் பேருந்துகள் இயங்குகின்றன. விடுதி அறைகள் இணையவழியே பதிவாகின்றன. நிலையத்தில் இறங்கும் ஒருவரின் பயணத்தைத் தொழில்நுட்பம் எளிதாக்கியுள்ளது. ஆனால் அவர் பசியை முகம் பார்த்து அறிவதற்கு இன்னும் மனிதரே தேவைப்படுகின்றனர். விழுப்புரத்து உணவகத்தாரின் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை. அவர் திருப்பித் தந்த இரண்டரை அணாவை மறக்கவும் இல்லை. விடுதித் துறையிலோ பயணத் துறையிலோ பணியாற்றச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளவேண்டிய முதற்பாடம் அதுவே.