முத்தைத் தேடி வந்தார், மீனவரைக் கண்டார்!

கடல் விஞ்ஞானி ஜேம்ஸ் ஹார்னெலின் கதை

1905-ம் ஆண்டு. இலங்கையின் வடமேற்குக் கரையிலே மரிச்சுக்கட்டி என்று ஓர் இடம். மற்ற நாட்களில் அங்கே மணலும் முட்புதரும்தான் இருக்கும். ஆனால் அந்த ஆண்டு மாசி, பங்குனி மாதங்களில் அங்கே ஒரு பட்டணமே எழுந்துவிட்டது!

ஓலைக் கொட்டகைகள், கடைத்தெரு, ஆஸ்பத்திரி, கச்சேரி எல்லாம் வந்துவிட்டன. கீழக்கரையிலிருந்து முஸ்லிம்களும், தூத்துக்குடியிலிருந்து பரதவர்களும், கடல் கடந்து அரேபியர்களும் வந்து குவிந்தார்கள். எல்லோரும் வந்தது ஒன்றுக்காகத்தான். அது முத்து!

விடிவதற்கு முன்பே தோணிகள் புறப்படும். குளிகாரர் காலில் கல்லைக் கோத்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளைக் கூடையிலே வாரிப் போடுவார். மேலே இருப்பவர் கயிற்றை இழுப்பார். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிகாரர்களுக்கு. மற்றவை சர்க்காருக்கு.

மாலையில் ஏலம் நடக்கும். சிப்பிக்குள் முத்து இருக்கிறதா இல்லையா என்பது வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. ஒரே நாளில் பணக்காரர் ஆனவரும் உண்டு. கையில் இருந்ததை இழந்தவரும் உண்டு. சிப்பிகளைக் குவித்து அழுக விட்டு, பிறகு கழுவி முத்து எடுப்பார்கள். அந்த நாற்றம் வெகு தூரம் வீசும்.

அந்த ஆண்டு எடுத்த சிப்பிகள் சுமார் 8 கோடி. சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள்!

இந்த முத்துப் பார்களின் மேல் கண் வைத்துக் காத்துவந்த விஞ்ஞானிதான் ஜேம்ஸ் ஹார்னெல்.

யார் இவர்?

ஹார்னெல் பிறந்தது 1865-ம் ஆண்டில். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலே ஜெர்ஸி என்ற சிறு தீவு இருக்கிறது. சைனல் என்பவரோடு சேர்ந்து அங்கே ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தை அவர் நடத்தி வந்தார். கடலில் வாழும் உயிர்களைப் பிடிப்பது, பாதுகாப்பது, பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பது ஆகியவைதான் அவருடைய வேலை.

அதே சமயத்தில் இலங்கைச் சர்க்காருக்கு ஒரு பெரிய கவலை. 1891-க்குப் பிறகு அங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. பார்களில் குஞ்சுச் சிப்பிகள் தோன்றும். வளரும் முன்னே மறைந்துவிடும். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

இதைக் கண்டுபிடிக்க லிவர்ப்பூல் நகரத்துப் பேராசிரியர் ஹெர்ட்மன் என்பவரை அழைத்தார்கள். அவர் தமக்குத் துணையாக ஹார்னெலை அழைத்துக்கொண்டார். இருவரும் 1902-ல் இலங்கைக்கு வந்தார்கள். சில மாதங்களில் பேராசிரியர் ஊர் திரும்பினார். ஹார்னெல் திரும்பவில்லை. கடலோடு தங்கிவிட்டார்.

சிப்பி எங்கே போகிறது?

பெரிய பார் என்று ஒரு பார். ஆண்டுதோறும் அங்கே கோடிக்கணக்கில் குஞ்சுச் சிப்பிகள் வந்து ஒட்டும். பார்த்தவர்கள் எல்லாம் இந்தத் தடவை நல்ல விளைச்சல் என்று மகிழ்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசி ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால் ஒன்றும் இராது!

விஞ்ஞானிகள் இருவரும் கடலின் அடித்தரையை ஆராய்ந்தார்கள். பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் குஞ்சுகளை அடித்துக்கொண்டு போகிறது. சில இடங்களில் மணல் அவற்றை மூடிவிடுகிறது. மீதியைத் திருக்கை போன்ற மீன்கள் தின்றுவிடுகின்றன. இதுதான் அவர்கள் கண்டது.

இதற்கு என்ன வழி? ஆபத்தான பாரிலிருந்து குஞ்சுகளை எடுத்து, பத்திரமான பாரில் போட வேண்டும். சிப்பி ஒட்டிக்கொள்வதற்குக் கல்லும் கிளிஞ்சலும் கொட்ட வேண்டும். நாற்றைப் பிடுங்கி நடுகிறோம் அல்லவா? அதைப் போல!

1903-ல் மறுபடி முத்துக்குளிப்பு நடந்தது. 1904-ல் மேலும் நன்றாக நடந்தது. 1905-ல்தான் மரிச்சுக்கட்டியில் அந்தப் பெரிய திருவிழா!

கடல் கையை விரித்தது

இதைப் பார்த்து ஒரு கம்பெனி முன்வந்தது. 1906-ல் இலங்கை முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக்கு 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாய் குத்தகை. இனிமேல் கவலை இல்லை, விஞ்ஞானம் வந்துவிட்டது என்று பங்கு வாங்கினவர்கள் நம்பினார்கள்.

கடல் அந்த நம்பிக்கையைப் பொருட்படுத்தவில்லை. ஓரிரு ஆண்டுகளில் பார்கள் வெறும் பார்கள் ஆயின. 1907-க்குப் பிறகு 1925 வரை இலங்கையில் முத்துக்குளிப்பே இல்லை. கம்பெனியும் நிலைக்கவில்லை.

இதிலே ஹார்னெலுக்கும் ஒரு பாடம் இருந்தது. காரணம் தெரிந்துகொள்வது ஒன்று. கடலை நம் சொற்படி நடக்கச் செய்வது வேறு. வயலுக்கு வரப்பு உண்டு. கடலுக்கு வரப்பு ஏது?

இன்னொரு பிழையும் நேர்ந்தது. முத்து எப்படி உண்டாகிறது என்பதற்கு ஹெர்ட்மனும் ஹார்னெலும் ஒரு விளக்கம் கூறினார்கள். நாடாப்புழு ஒன்றின் குஞ்சு சிப்பியின் உடலில் புகுகிறது, அதைச் சுற்றித்தான் நல்ல முத்து வளர்கிறது என்றார்கள். பிற்காலத்து ஆராய்ச்சி இதை ஏற்கவில்லை. சிப்பியின் ஓட்டுக்கு உட்புறம் ஒரு மெல்லிய தோல் உண்டு. ஓட்டை வளர்ப்பது அந்தத் தோல்தான். அதன் துணுக்கு ஒன்று உடலின் உள்ளே சேர்ந்து பை போல ஆனால், அந்தப் பைக்குள் முத்து வளர்கிறது. இதுதான் இன்று நாம் அறிந்த உண்மை.

சோர்ந்து ஊர் திரும்பியிருந்தால் ஹார்னெலை இன்று யாரும் நினைக்க மாட்டார்கள். அவர் ஊர் திரும்பவில்லை. பாக் நீரிணையைத் தாண்டி நம் பக்கம் வந்தார்!

சென்னைக்கு வந்தார்

சென்னை ராஜதானியில் அப்போது நிக்கல்சன் துரை என்று ஒருவர் இருந்தார். கூட்டுறவுச் சங்கங்கள் அமைய வழி காட்டியவர் அவர். கலெக்டர் உத்தியோகத்தை எல்லாம் பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, அவர் மீனவர்கள் பக்கம் திரும்பினார். 1907-ல் மீன் இலாகா தொடங்கியபோது கௌரவ டைரக்டராகப் பொறுப்பேற்றார்.

அந்த இலாகாவில் 1908-ல் ஹார்னெல் கடல் விஞ்ஞானியாகச் சேர்ந்தார். முத்து என்ற ஒன்றையே பார்த்துவந்த கண்கள், இப்போது கரையோரத்து வாழ்க்கை முழுவதையும் பார்க்கத் தொடங்கின.

சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரி இருக்கிறது. கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் இடம் அது. அங்கே தின்னும் சிப்பியை வளர்த்துப் பார்த்தார். பிரான்சு நாட்டில் ஆர்க்கஷோன் என்ற ஊரில் சுண்ணாம்பு பூசிய ஓடுகளைக் கடலில் வைத்துக் குஞ்சுச் சிப்பிகளைச் சேர்த்து வளர்ப்பார்கள். அந்த முறையை ஆராய்ந்து, நம் நாட்டுக்கு அதில் எது பொருந்தும் என்று எழுதினார்.

சிப்பி எப்போது முட்டையிடுகிறது? குளிர் நாடுகளில் வெயிலின் சூட்டைக் கணக்குப் பார்ப்பார்கள். நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் வெயில்! ஆனால் மழைக் காலத்தில் ஏரி நீரில் உப்புக் குறையும். கோடையில் உப்பு ஏறும். நீரின் உப்பு மாறுவதைத்தான் கவனிக்க வேண்டும் என்று ஹார்னெல் 1910-ல் எழுதினார். மேல்நாட்டுப் புத்தகத்தை அப்படியே பின்பற்றாமல், நம் தண்ணீரைப் பார்த்து எழுதியது அது.

செத்து ஒதுங்கிய மீன்கள்

மலையாளக் கரையில் சில ஆண்டுகளில் ஒரு விபரீதம் நடக்கும். பருவமழை ஓய்ந்த பிறகு கடல் நீர் நிறம் மாறும். மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கும். யாரோ விஷம் கலந்துவிட்டார்களோ, தெய்வக் குற்றமோ என்று மக்கள் அஞ்சுவார்கள்.

ஹார்னெல் அந்த நீரைப் பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஒன்று அதிலே கோடி கோடியாகப் பெருகி இருந்தது! அதுவே மீன்கள் மடியக் காரணம் என்று 1917-ல் அவர் எழுதினார். நுண்ணுயிர்கள் இப்படிப் பெருகுவதால் கடல் நிறம் மாறி மீன்கள் சாவது இன்று உலகம் முழுவதும் அறிந்த விஷயம்.

அதே கரையில் ஏழைகளின் மீன் ஒன்று உண்டு. நாம் மத்தி என்றும் சாளை என்றும் சொல்கிறோமே, அதுதான். ஓர் ஆண்டு கடல் கொள்ளாமல் வரும். மறு ஆண்டு வலையிலே ஒன்றும் இராது. எண்ணெய் காய்ச்சுகிறவர் முதல் தலைச்சுமைக்காரி வரை எல்லோருடைய அடுப்பும் அந்த மீனை நம்பித்தான் எரியும்.

எனவே மத்தி என்ன தின்கிறது, எப்போது முட்டையிடுகிறது, எப்படி வளர்கிறது என்று ஆராயத் தொடங்கினார். ராமசாமி நாயுடு என்ற விஞ்ஞானியும் அவருடன் சேர்ந்து உழைத்தார். 1923-ல் இருவர் பெயரிலும் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களே மத்தியின் உணவு என்பதால், அவற்றையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். இந்த மீனைப் பற்றிப் பின்னால் ஆராய்ந்தவர்கள் எல்லோரும் அந்த நூலைப் பார்த்தே தொடங்கினார்கள்.

சங்கும் கட்டுமரமும்

தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் சங்கு குளிப்பதைப் பற்றி 1914-ல் ஒரு நூல் எழுதினார். சங்கு எங்கே வாழ்கிறது என்பதோடு அவர் நிற்கவில்லை. அது வங்காளத்துக்குப் போய் வளையல் ஆகிச் சுமங்கலிகளின் கையில் ஏறுவது வரை தொடர்ந்து சென்று பார்த்தார். கொற்கையிலும் காயலிலும் பழங்காலத்தில் அறுத்துப் போட்ட சங்குத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தார். சங்கறுக்கும் தொழில் ஒரு காலத்தில் நம் பாண்டிய நாட்டுக் கரையிலேயே நடந்தது என்பதற்கு அவை சாட்சி.

பிறகு படகுகள்! ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகு. கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரம். மற்றத் துரைமார்களுக்கு அவை வெறும் மரக்கட்டைகள். ஹார்னெலுக்கோ அவை அறிவின் உருவங்கள். அலை மோதும் கரையில் ஆணி அடித்த படகு உடையும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இதைப் பல தலைமுறைகளுக்கு முன்பே மீனவர்கள் அறிந்திருந்தார்கள்.

அவர் ஊர் ஊராகப் போய்ப் படகுகளையும் வலைகளையும் தூண்டில்களையும் பார்த்தார். மீனவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். இந்தியப் படகுகளைப் பற்றிய அவருடைய நூல் 1920-ல் வெளிவந்தது. நம் படகுகளில் சில, தூரக் கடல் தீவுகளிலிருந்து வந்தவர்களால் உண்டானவை என்பது அவர் கருத்து. அதை இன்று அறிஞர் பலர் ஒப்புவதில்லை. ஆனால் அவர் வரைந்து வைத்த படங்களையும் அளவுகளையும் விட்டுவிட்டு யாராலும் நம் படகுகளின் சரித்திரத்தை எழுத முடியாது. அவற்றில் பல இன்று கடலில் இல்லை. அவர் ஏட்டில்தான் இருக்கின்றன.

கடைசி நாட்கள்

1918-ல் நிக்கல்சனுக்குப் பிறகு ஹார்னெல் இலாகாவின் டைரக்டர் ஆனார். 1924-ல் ஓய்வு பெற்றார். வயது அறுபதை நெருங்கியது. வீட்டில் உட்காரவில்லை. பசிபிக் கடலுக்குச் சென்ற ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் ஏறிவிட்டார்! அந்தத் தீவுகளின் ஓடங்களைப் பற்றி ஹாடன் என்ற அறிஞரோடு சேர்ந்து பெரிய நூல் எழுதினார். உலகத்துப் படகுகளின் கதையை 1946-ல் வெளியிட்டபோது அவருக்கு வயது 80-ஐத் தாண்டியிருந்தது. 1949-ல் காலமானார்.

அவர் தேடி வந்த முத்து என்ன ஆயிற்று?

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை மறுபடி முத்துக் குளித்தார்கள். அதற்குப் பின் பார்கள் ஓய்ந்துவிட்டன. 1973-ல், தூத்துக்குடிக்கு அருகில் உள்ள வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானி அழகர்சாமியும் அவருடைய தோழர்களும் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். சிப்பியின் தோல் துணுக்கை ஒரு சிறு மணியுடன் சேர்த்து உள்ளே வைத்து வளர்த்த முத்து அது. ஹார்னெல் காண முடியாத வெற்றியை, அவர் உலவிய கடலிலேயே நம்மவர்கள் கண்டார்கள்.

முத்து விஷயத்தில் ஹார்னெல் தோற்றார் என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தோல்விதான் அவரை மத்தி மீனிடமும், பழவேற்காட்டுச் சிப்பியிடமும், கட்டுமரத்திடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ராஜாக்களின் கழுத்துக்குப் போகும் முத்தைத் தேடி வந்தவர், ஏழையின் வலையில் விழும் மீனைப் பற்றி எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த தடவை கடற்கரைக்குப் போகும்போது, மணலில் ஒரு கட்டுமரம் காய்ந்துகொண்டிருந்தால், உங்கள் குழந்தைகளுக்கு அதைக் காட்டுங்கள். கட்டைகளை எப்படிச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரைக் கேளுங்கள். ஹார்னெலும் அப்படித்தான் கேட்டுக் கற்றார்.