தனக்குத் தானே விமானம் வாடகைக்கு விட்ட ஹாவர்ட் ஹியூஸ்... டிடபிள்யூஏ கைநழுவியது எப்படி?

ஹாலிவுட் தயாரிப்பாளர், சாதனை விமானி, கடைசிக் காலத்தில் ஹோட்டல் அறைக்குள் அடைந்து கிடந்த கோடீஸ்வரர். ஹாவர்ட் ஹியூஸை இப்படித்தான் பலருக்கும் தெரியும். டிகாப்ரியோ நடித்த ‘தி ஏவியேட்டர்’ படம் 1947-லேயே முடிந்துவிடும். நம்ம கதை சூடு பிடிப்பது அதற்கு அப்புறம்தான்.

1905-ல் டெக்சாஸில் பிறந்தவர். எண்ணெய்க் கிணறு தோண்டும் துளைக்கருவி செய்யும் அப்பாவின் கம்பெனி, 18 வயதில் கைக்கு வந்தது. அந்தக் கருவியை அப்பா விற்கவே மாட்டார், வாடகைக்குத்தான் விடுவார். மகனும் அதை மறக்கவில்லை.

1939-ல் டிடபிள்யூஏ விமான நிறுவனத்தின் பங்குகளை வாங்க ஆரம்பித்தார். 1950-களில் ஜெட் விமானங்கள் வந்தபோது போயிங் 707, கான்வேர் 880 என 60-க்கும் மேல் ஆர்டர் கொடுத்தார். சுமார் 40 கோடி டாலர். ஆனால் ஆர்டர் கொடுத்தது டிடபிள்யூஏ இல்லை, அவருடைய கருவி கம்பெனி! வந்த ஜெட்டுகளை டிடபிள்யூஏ-வுக்கு நாள் வாடகைக்கு விட்டது.

ஏன் இந்தச் சுற்றல்? விமானம் யார் பெயரில் இருக்கிறதோ, தேய்மானக் கணக்கு அவருக்கே. 100 கோடிக்கு வாங்கி, 20 வருஷம் ஓட்டி, கடைசியில் 10 கோடிக்கு விலை போகும் என்று வைத்தால், வருஷத்துக்கு 4.5 கோடி செலவு எழுதலாம். லாபம் அந்த அளவு குறையும், வரியும் குறையும். வாடகைக்கு ஓட்டுபவர் கணக்கிலோ வெறும் வாடகை மட்டும்தான். விமானமும் தெரியாது, கடனும் தெரியாது.

இந்த ஓட்டை அடைபட 2019 வரை ஆனது. இப்போது சர்வதேச விதிப்படியும், நம்மூர் இந்த் ஏஎஸ் 116 படியும், இனி கட்டவேண்டிய வாடகையின் இன்றைய மதிப்பைக் கடனாகக் காட்டணும். தேய்மானம், வட்டி இரண்டையும் எழுதணும். ஆரம்ப வருஷங்களில் செலவு கூடுதலாகத் தெரியும். அமெரிக்காவில் கடனைக் காட்டினாலும், சாதாரண லீஸுக்கு வருஷா வருஷம் ஒரே அளவு வாடகைச் செலவுதான். அதனால் ஒரே மாதிரி விமானத்தை ஓட்டினாலும் இரண்டு நாட்டு நிறுவனங்களின் லாபத்தை அப்படியே ஒப்பிட முடியாது.

ஹியூஸை மடக்கியது தேய்மானம் இல்லை. அது காகிதச் செலவு. போயிங்குக்குக் கட்டவேண்டிய தவணை நிஜக் காசு. 1960-ல் கையிருப்பு வறண்டது. கடைசியில் வங்கிகளும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களும் 16.5 கோடி டாலர் தர முன்வந்தன. ஆனால் நிபந்தனை கடுமை: அவருடைய 78% பங்குகளின் வாக்குரிமையை ஒரு டிரஸ்டிடம் ஒப்படைக்கணும், அதன் மூன்று பேரில் இருவரைக் கடன் கொடுத்தவர்களே நியமிப்பார்கள். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷமே, புது நிர்வாகத்தில் டிடபிள்யூஏ தன் முதலாளி மீதே வழக்குப் போட்டது. விமானங்களைத் தன் பிடியில் வைத்து நிறுவனத்தை முடக்கினார் என்பது புகார். நேரில் வந்து சாட்சி சொல்லவே ஹியூஸ் மறுத்துவிட்டார். கீழ் நீதிமன்றத்தில் தோல்வி. 1973-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

ஆனால் 1966-லேயே தன் பங்குகள் முழுவதையும் அவர் விற்றிருந்தார். கிடைத்தது சுமார் 54.6 கோடி டாலர். நிறுவனத்தைப் பறிகொடுத்தவருக்கு வாழ்நாளின் பெரிய செக்! 1976 ஏப்ரல் 5 அன்று, மெக்சிகோவிலிருந்து ஹூஸ்டனுக்கு வரும் வழியில், நடுவானில் அவர் உயிர் பிரிந்தது.