மகன் எங்கே என்று கேட்ட தாய்



மாலை வேளையில் குடும்பமாக முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லும்போது, சந்தோஷ தேவ இரகசியங்களில் ஐந்தாவதாக எதைத் தியானிக்கிறோம்? பன்னிரண்டு வயதுப் பாலகனாகிய சேசுநாதர் காணாமற்போனதையும், தேவமாதா அவரைத் தேடி அலைந்து மூன்றாம் நாள் தேவாலயத்தில் கண்டடைந்ததையும் தியானிக்கிறோம். அதே நிகழ்ச்சியை வியாகுல மாதாவின் ஏழு வியாகுலங்களிலும் ஒன்றாகத் திருச்சபை வைத்திருக்கிறது. மூன்றாம் நாள் ஒன்று வந்ததால் அந்த வியாகுலம் சந்தோஷமாயிற்று. அந்த மூன்றாம் நாள் வராமலே போன தாய்மார்களும் உண்டு. அவர்களில் ஒருவருடைய சரித்திரத்தை இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினா தேசத்தில், தலைநகரான புவனஸ் அயர்ஸை அடுத்த அவெல்லனெடா என்னும் தொழிற்சாலைப் பட்டணத்தில், 1924-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி ஒரு தொழிலாளிக் குடும்பத்தில் அசுசேனா வில்லாஃப்ளோர் பிறந்தார். அசுசேனா என்றால் அந்நாட்டுப் பாஷையில் லீலி மலர். பதினாறாம் வயதில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தொழிலாளர் பிரதிநிதியாயிருந்த பேத்ரோ தே வின்சென்ட்டி என்பவரை 1949-ம் ஆண்டு மணந்து, நான்கு பிள்ளைகளுக்குத் தாயானார். சமைத்து, துவைத்து, பிள்ளைகளை வளர்த்து வந்த சாதாரண இல்லத்தரசி. ஐம்பது வயதைக் கடக்கும்வரை அவரை ஊர் உலகம் அறியாது.

1976-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி அந்நாட்டு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தங்களை எதிர்ப்பவர்கள் என்று கருதிய மாணவர், தொழிலாளர், தொழிற்சங்கத்தார், ஏழைகளிடையே ஊழியம் செய்த குருக்கள், கன்னியாஸ்திரிகள் ஆகியோரை ஆயுதந்தாங்கிய ஆட்கள் வீடு புகுந்து தூக்கிச் சென்றார்கள். பிடியாணை இல்லை, விசாரணை இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை. உறவினர் போய்க் கேட்டால், அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். உடல் கிடைக்காவிட்டால் கொலை என்று வழக்குத் தொடுக்க முடியாது. அழுது அடக்கம் செய்யவும் முடியாது. ஒருவரைப் பிடித்தால் ஊரே வாயடைத்துப் போகும் என்பதே அந்த ஆட்சியாளர் போட்ட கணக்கு.

அந்த ஆண்டு நவம்பர் 30-ந் தேதி அசுசேனா அம்மாளின் மகன் நேஸ்தரும், அவனுடைய துணைவி ராக்கேலும் இப்படியே கொண்டுபோகப்பட்டார்கள். தாய் தேடப் புறப்பட்டார். உள்நாட்டு மந்திரி காரியாலயத்துக்குப் போனார். நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். படையினருக்கான மேற்றிராணியாரின் காரியாலயத்துக்கும் போனார். மேற்றிராணியாரைக் காண முடியவில்லை. அவருடைய செயலாளராயிருந்த குருவானவரை மட்டுமே பார்க்க முடிந்தது. அந்தக் குருவானவர் தம்மிடம் வந்தவர்களின் பிள்ளைகளுடைய பெயர்களை அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டார். பிள்ளைகள் திரும்பி வரவில்லை. இதை எழுதுவது ஒரு குருவாகிய எனக்கு வேதனையாயிருக்கிறது. ஆனால் மறைப்பது அதைவிடப் பெரிய தோஷம்.

காத்திருக்கும் அறைகளில் திரும்பத் திரும்ப அதே முகங்களைக் கண்டார் அசுசேனா அம்மாள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக்காகத் தனியாக வந்து, தனியாக அழுது, தனியாகத் திரும்புகிறாள். தனியாகப் போனால் ஒன்றும் நடவாது, எல்லோரும் சேர்ந்து அரசாங்க மாளிகையின் வாசலிலேயே போய் நிற்போம் என்று அவர்களுக்கு யோசனை சொன்னார். அந்த மாளிகைக்கு எதிரே இருப்பது மே மாதச் சதுக்கம். 1977-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, பதினான்கு பெண்கள் அங்கே வந்தார்கள். அன்று சனிக்கிழமை, சதுக்கத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆகவே கூடும் நாளை மாற்றி, பின்பு வியாழக்கிழமை என்று நிலைப்படுத்திக் கொண்டார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது, நகருங்கள் என்று போலீசார் அதட்டியபோது, இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்தின் நடுவிலுள்ள நினைவுத் தூணைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். போலீசார் விரட்டியது நடையாயிற்று. அந்த நடையே அவர்களுடைய அடையாளமுமாயிற்று.

அதே ஆண்டு அக்டோபர் மாதம், லுஹான் மாதா க்ஷேத்திரத்துக்கு மக்கள் பெருந்திரளாகக் கால்நடையாகத் திருயாத்திரை போனார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள வேண்டி, தங்கள் பிள்ளைகளுக்குக் குழந்தைப் பருவத்தில் இடுப்பில் கட்டிய வெள்ளைத் துணியை இந்தத் தாய்மார் தலையில் முக்காடாகக் கட்டிக்கொண்டார்கள். அந்த வெள்ளை முக்காட்டைப் பின்னாளில் உலகம் முழுவதும் அறிந்துகொண்டது.

பிரியமானவர்களே, ஆயுதமில்லாத இந்தத் தாய்மாருக்கு இராணுவம் ஏன் பயந்தது? அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் தங்கள் பாதகம் வெளிப்பட்டுவிடும் என்று ஆட்சியாளர் அறிந்திருந்தார்கள். ஆகவே யூதாஸின் வழியைத் தேர்ந்துகொண்டார்கள். கடற்படை அதிகாரியான ஆல்ஃபிரெதோ அஸ்திஸ் என்ற வாலிபன், காணாமற்போன சகோதரனைத் தேடுகிறவனாக நடித்து, பொய்ப் பெயரோடு அவர்களிடையே புகுந்தான். தாய்மார் அவனைத் தங்கள் பிள்ளைபோல் பாவித்து, அவனுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று கவலையும் பட்டார்கள்.

காணாமற்போனவர்களின் பெயர்களைப் பத்திரிகையில் விளம்பரமாக வெளியிட அவர்கள் பணம் சேர்த்து வந்தார்கள். புவனஸ் அயர்ஸில் திருப்பாடுகளின் சபைக் குருக்கள் நடத்திய சாந்தா குரூஸ், அதாவது திருச்சிலுவை ஆலயம், அவர்களுக்குக் கதவைத் திறந்து விட்டிருந்தது. 1977-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று மாலை, அந்த ஆலயத்தை விட்டு வெளியே வந்தவர்களை ஆயுதந்தாங்கியவர்கள் பிடித்துச் சென்றார்கள். எஸ்தர் பாயெஸ்திரினோ, மரியா போன்ஸே என்னும் இரண்டு தாய்மாரும், ஆலீஸ் தொமோன் என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியும் அவர்களில் உண்டு. எஸ்தருடைய பதினாறு வயது மகள் பிடிபட்டு அதற்கு முன்பே விடுதலையாகி, அயல்நாட்டில் பத்திரமாயிருந்தாள். ஆனாலும் மற்றவர்களின் பிள்ளைகளுக்காக அந்தத் தாய் திரும்பி வந்திருந்தார்.

அன்று அந்த இடத்தில் இல்லாத அசுசேனா அம்மாள் ஒளிந்துகொண்டிருக்கலாம். அவர் ஒளியவில்லை. அஞ்சி நடுங்கிய மற்றத் தாய்மாரைக் கூட்டித் தைரியப்படுத்தி, விளம்பரம் வெளிவரும்படி செய்தார். டிசம்பர் 10-ந் தேதி, உலக மனித உரிமை தினத்தன்று, பெயர்கள் பத்திரிகையில் வெளிவந்தன. அதே காலையில் பத்திரிகை வாங்கக் கடைக்குப் புறப்பட்ட அசுசேனா அம்மாளை, வீட்டுக்குச் சமீபத்தில் தெருவிலேயே பிடித்துக் காரில் ஏற்றிச் சென்றார்கள். லெயோனி துகே என்ற மற்றொரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரியும் அன்றைக்கே கொண்டுபோகப்பட்டார். அந்த மூன்று நாட்களில் பிடிபட்டவர்கள் பன்னிரண்டு பேர். கடற்படையின் இயந்திரப் பள்ளி என்ற பெயர் கொண்ட மாளிகையில் அவர்களைச் சித்திரவதை செய்து, சில நாட்களுக்குப்பின் விமானத்திலேற்றி உயிரோடு கடலில் தள்ளினார்கள். அசுசேனா அம்மாளுக்கு அப்போது வயது 53.

அத்துடன் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். அடங்கவில்லை. வியாழக்கிழமை தோறும் தாய்மார் சதுக்கத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள். இராணுவ ஆட்சி விழுந்து, மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி பதவியேற்ற நாள் 1983-ம் ஆண்டு டிசம்பர் 10. அசுசேனா அம்மாள் பிடிபட்டு அன்றோடு சரியாக ஆறு ஆண்டுகள். அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு, காணாமற்போனவர்கள் 8,961 பேர் என்று 1984-ம் ஆண்டு பதிவு செய்தது; முப்பதினாயிரம் பேர் என்பது மனித உரிமைச் சங்கங்களின் கணக்கு.

கடலும் சாட்சி சொன்னது. 1977-ம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் கரையொதுங்கிய சில உடல்கள், பெயரில்லாத குழிகளில் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தோண்டியெடுத்துச் சோதித்த நிபுணர்கள், 2005-ம் ஆண்டு அசுசேனா, எஸ்தர், மரியா, லெயோனி ஆகியோரை அடையாளம் கண்டார்கள். உயரத்திலிருந்து விழுந்த அடையாளம் எலும்புகளில் இருந்தது. ஆலீஸின் உடல் கிடைக்கவில்லை. எஸ்தரையும் மரியாவையும் லெயோனியையும் திருச்சிலுவை ஆலயத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். அதற்கு அனுமதி தந்த கர்தினால், வாலிபப் பருவத்தில் ஓர் இரசாயனச் சாலையில் எஸ்தரின் கீழ் வேலை பார்த்தவர். அவரே பின்பு திருத்தந்தை பிரான்சிஸ் ஆனார். அசுசேனா அம்மாளின் சாம்பலை, 2005-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, அவர் நடந்து நடந்து தேய்த்த அந்தச் சதுக்கத்தின் தூணடியில் வைத்தார்கள். அஸ்திஸ் 2011-ம் ஆண்டு ஆயுள் தண்டனை பெற்றான். நேஸ்தரோ திரும்பி வரவேயில்லை.

பங்கு மக்களே, இந்தச் சரித்திரத்தில் இரண்டு வாசல்களைக் காண்கிறோம். பெயரை எழுதிக்கொண்டு தாயைத் திருப்பியனுப்பிய வாசல் ஒன்று. ஆபத்தென்று அறிந்தும் திறந்திருந்த வாசல் மற்றொன்று. இரண்டும் திருச்சபையின் வாசல்களே. என்னுடைய அறை வீட்டு வாசல் இவற்றில் எது என்று நான் என் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்க்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டு வாசலைக் குறித்துக் கேட்டுப் பாருங்கள். நம் தெருவில் ஒரு தாய் தன் பிள்ளைக்காகப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ, கோர்ட்டுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ தனியாக அலைகிறாள் என்று கேள்விப்பட்டால், நமக்கேன் வம்பு என்று கதவைச் சாத்துகிறோமா, அல்லது செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கூடப் போகிறோமா?

இன்று இரவு ஐந்தாம் சந்தோஷ இரகசியத்தைச் சொல்லும்போது, மூன்றாம் நாள் வராமல் காத்திருக்கும் எல்லாத் தாய்மாருக்காகவும் ஓர் அருள் நிறைந்த மரியே கூடச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக் குரு