ராக்ஸ்பரோ எழுதிவைத்த பெயர்

கோலார் தங்கவயலைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளில், முட்புதர்களின் அடியில் இலையற்ற சதைச்செடி ஒன்று வளரும். நான்கு பட்டை கொண்ட தண்டிலேயே நீரைச் சேர்த்துவைத்துக் கோடையைக் கழித்துவிடும். தமிழர் இதைக் கள்ளிமுளையான் என்பர். பச்சையாகத் தின்பதும் உண்டு. தாவர நூலார் வழங்கும் பெயர் காரல்லுமா அட்சென்டென்ஸ். இதன் முற்பகுதி லத்தீனோ கிரேக்கமோ அன்று. அது வந்த வழியை அறிய வில்லியம் ராக்ஸ்பரோவின் வரலாற்றைப் பார்க்கவேண்டும்.

1751இல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், எடின்பரோவில் பயின்று, 1776இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னையில் அமர்ந்தார். பின்னர் கோதாவரிப் பக்கத்துச் சாமல்கோட்டையில் மிளகும் அவுரியும் காப்பியும் பயிரிட்டுச் சோதித்தார். கம்பெனிக்கு வேண்டியது காசு; செடியின் மேல் காதல் இவருக்குத்தான்! 1787இல் வீசிய புயலில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. ஆண்டுக்கணக்கில் திரட்டிய செடிகளும் குறிப்புகளும் அழிந்தன. வேறொருவராயின் மூட்டை கட்டியிருப்பார். இவரோ மீண்டும் முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கினார்.

உள்ளூர் ஓவியர்களை அமர்த்திச் செடிகளை வரையச் செய்தார். அவ்வோவியங்களோடு, சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றிய இவரது பெருநூல் 1795 முதல் இலண்டனில் வெளிவந்தது. அதில் நம் செடியை, ஆப்பிரிக்கச் செடிகளுக்கு வழங்கிய ஸ்டப்பீலியா என்னும் இனத்தில் சேர்த்தார். அப்பெயர் ஸ்டாபல் என்ற டச்சு மருத்துவருடையது. ஆனால் அதனோடு, தெலுங்கு மக்கள் சொன்ன காரல்லம் என்ற பெயரையும் மறவாமல் எழுதிவைத்தார். 1810இல் ராபர்ட் பிரவுன் இச்செடியைத் தனி இனமாகப் பிரித்தபோது அந்தச் சொல்லையே இனப்பெயராக்கினார்.

இது அரபுச் சொல்லிலிருந்து வந்ததென்று கூறுவாரும் உளர். ராக்ஸ்பரோவின் ஏட்டைப் புரட்டியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்! எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. எங்கள் ஊரில் ராபர்ட்சன்பேட்டை உண்டு, ஆண்டர்சன்பேட்டை உண்டு. வடஆர்க்காட்டிலிருந்து வந்து சுரங்கத்தில் இறங்கிய என் பாட்டனார் போன்றோரின் பெயரைத் தேடித்தான் பார்க்கவேண்டும். இச்செடிக்கோ, அதைப் பறித்துத் தின்றவர்களின் சொல்லே உலகப்பெயராயிற்று. படம் வரைந்த ஓவியர்களுக்கு அந்தப் பேறும் இல்லை.

1793இல் கல்கத்தாத் தோட்டத்தின் தலைவரான ராக்ஸ்பரோ, உடல்நலம் குன்றி 1813இல் இந்தியாவை விட்டு நீங்கினார். 1815இல் எடின்பரோவில் காலமானார். அவர் எழுதிய இந்தியத் தாவர நூல் முழுமையாக அச்சேறியது 1832இல்தான்.