ஏழைகளின் வழக்கை ஏற்ற சட்டத்தரணி

தமிழ் மக்கள் தந்தை செல்வா என அன்போடு அழைக்கும் அமரர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள், அரசியலுக்கு வருமுன் கொழும்பில் பெயர்பெற்ற சிவில் சட்டத்தரணி. 1898 மார்ச் 31ல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்து, தெல்லிப்பழையில் வளர்ந்து, ஆசிரியராயிருந்தபின் சட்டத்துறை புகுந்தவர்.

1947ல் காங்கேசன்துறைத் தொகுதி அவரைப் பாராளுமன்றம் அனுப்பியது. மறு ஆண்டே மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அம்மக்கள் அவருடைய வாக்காளரல்லர். பணங்கொடுத்து வழக்குப் பேசச் சொன்னவருமல்லர். ஆயினும் அவர்களது வழக்கை அன்னார் தம்முடையதாக ஏற்றார். தாம் சார்ந்த கட்சியின் தலைமை அரசாங்கத்தோடு இணைந்தபோது அதைவிட்டு விலகி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952 தேர்தலில் சொந்தத் தொகுதியே அவரைத் தோற்கடித்தது. அவர் கொள்கையை மாற்றவில்லை. 1956ல் அதே மக்கள் அவரை மீண்டும் தெரிவுசெய்தனர்.

அன்னார் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர். அவரைத் தெரிவுசெய்தவர்களிற் பெரும்பாலோர் சைவர். அவர்கள் பார்த்தது சமயத்தையன்று, நேர்மையையே.

1977 ஏப்ரல் 26ல் அன்னார் மறைந்தபோது அவ்வழக்கு முடிந்திருக்கவில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ல்தான் நிறைவேறியது. பலனைத் தாம் காணாவிடினும் எளியவர்க்காக வாதாடுவதே கற்றவர் கடன். நம்மிடையேயுள்ள சட்டத்தரணிகளும் கற்றோரும் இதனைச் சிந்திப்பார்களாக.