வகுப்பில் எலும்புச் சாம்பலை வாயில் போட்ட பேராசிரியர்... யார் இந்த பி.சி.ராய்?

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி, வேதியியல் வகுப்பு. எலும்புத் துண்டு ஒன்றைச் சுட்டுச் சாம்பலாக்கிய பேராசிரியர், அதில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எலும்பைத் தொட்டாலே தீட்டு என்று நினைத்த காலம் அது. மாணவர்கள் எப்படி முகம் சுளித்திருப்பார்கள்!

ஆனா அவர் காட்ட வந்த விஷயமே வேற. எரிஞ்சு முடிஞ்சா அது மாடா, ஆடான்னு யாராலும் சொல்ல முடியாது. மிஞ்சுவது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்தான். (இன்றைய ஆய்வகத்தில் இதற்கு அனுமதி இல்லை. நீங்களும் முயற்சி செய்ய வேண்டாம்!)

அவர்தான் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய். 1861-ல் இன்றைய வங்கதேசத்தில் உள்ள ராருளி கிராமத்தில் பிறந்தவர். 1887-ல் எடின்பரோவில் முனைவர் பட்டம் வாங்கினார். அவ்வளவு படித்தும், உயர் பணி ஐரோப்பியர்களுக்கே என்றிருந்ததால், 1889-ல் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில்தான் கல்லூரியில் சேர முடிந்தது.

மூத்த பேராசிரியரான பிறகும் அவர் விரும்பிக் கேட்டு எடுத்தது புதுசா சேர்ந்த பிள்ளைகளோட வகுப்பைத்தான். ஆர்வத்தை விதைக்க அதுதான் சரியான வயசு என்பது அவர் கணக்கு.

எலும்பு அவருக்கு வெறும் பாடப்பொருள் இல்லை. 700 ரூபாய் முதலீட்டில் அவர் தொடங்கிய பெங்கால் கெமிக்கல் நிறுவனத்துக்கு அது மூலப்பொருள். வாடகை வீட்டு மொட்டை மாடியில் எலும்பைக் காயவைக்க, காக்காய் கூட்டம் கூடி, அக்கம்பக்கத்தில் சண்டையே வந்தது.

ஆய்வகத்திலும் அப்படித்தான். பாதரசத்தையும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தையும் வைத்து வேறொரு உப்பு தயாரிக்கும்போது, எதிர்பாராமல் மஞ்சள் படிகங்கள் உருவாயின. தப்பா போச்சுன்னு கொட்டிவிடாமல் சோதித்தார். 1896-ல் வெளியான மெர்குரஸ் நைட்ரைட் ஆய்வு அப்படிப் பிறந்ததுதான்.

மாணவர்களையும் ஆய்வில் இறக்கினார். கட்டுரைகளில் தன் பெயரோடு அவர்கள் பெயரையும் சேர்த்தார். நீல் ரத்தன் தர், பின்னாளில் ஐஐடி கரக்பூரின் முதல் இயக்குநரான ஞான் சந்திர கோஷ் ஆகியோர் அவரிடம் படித்தவர்கள். மேகநாத் சாஹாவும் சத்யேந்திர நாத் போஸும் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்களே. இருவரும் இயற்பியல் பக்கம் போய்விட்டார்கள் என்பது வேறு கதை.

1916-ல் பிரசிடென்சியில் ஓய்வுபெற்று, கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்குப் போனார். 60 வயது ஆனதும் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே திருப்பிக் கொடுத்தார். திருமணம் செய்துகொள்ளாத அவருக்கு அந்தக் கல்லூரியின் ஒரு அறைதான் வீடு. 1944 ஜூன் 16-ல் அந்த அறையிலேயே காலமானார்.