கக்கன்: ‘தனி’ என்ற சொல்லோடு ஒரு வாழ்க்கை

சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த மறுநாள் நம் ஊர் டீக்கடையில் நாளிதழ் பத்துக் கை மாறும். மடிப்புக் கிழிந்து, கடைசியில் மாவட்டவாரிப் பட்டியல் இருக்கும் பக்கம் மட்டும் பெஞ்சில் கிடக்கும். எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், யார் யாரை எத்தனை வாக்கில் தோற்கடித்தார் என்று விரல் வைத்துப் படிப்போம். அந்தப் பட்டியலில் சில ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘தனி’ என்று போட்டிருக்கும். பழைய நெல்லைச் சீமையில் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், ஓட்டப்பிடாரம் ஆகிய மூன்றும் அப்படிப்பட்டவை. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரிந்து போனபின், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் ஒன்றுகூடத் தனித்தொகுதி இல்லை.

தனித்தொகுதி என்றால் என்ன என்று மாணவர் கூட்டங்களில் நாம் கேட்பதுண்டு. நம் மக்கள் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதி என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். அது பிழை. அங்கே நிற்பவர்தான் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். ஓட்டுப் போடுவது ஊர் முழுவதும். இந்த வேறுபாட்டை விளக்கச் சட்டப் புத்தகத்தைவிட ஒரு மனிதரின் வாழ்க்கையே நல்ல பாடம். அவர் பி. கக்கன்.

கக்கன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது எளிமை. அமைச்சராக இருந்தவர் பேருந்தில் போனார், அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருந்தார் என்று பள்ளி ஆண்டுவிழாவில்கூடப் பேசுகிறார்கள். அது உண்மைதான். ஆனால் அவர் எப்படிப் பதவிக்கு வந்தார், யார் வாக்கில் வந்தார், எந்த வாக்கில் போனார் என்பதை யாரும் சொல்வதில்லை. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18 அன்று கக்கன் பிறந்தார். தந்தை ஊர்க் கோயில் பூசாரி. நம் சாதிக் கோயிலில் பூசை செய்யலாம், பெரிய கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்பதுதான் அன்றைய வழக்கம். இளம் வயதிலேயே காங்கிரசில் சேர்ந்த கக்கன், மதுரை அ. வைத்தியநாத ஐயரோடு சேர்ந்து ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்தார்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒரு சிறு குழு நுழைந்தது. அதில் ஐந்து பேர் தலித்துகள். கக்கன் அவர்களில் ஒருவர். அவருடன் முருகானந்தம், சின்னையா, பூர்ணலிங்கம், முத்து ஆகியோரும் இருந்தனர். நாடார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரும் உடன் சென்றார். கோயில் திறந்தது. ஆனால் அன்றைக்கு வாக்குச்சாவடி நம் மக்களில் பெரும்பாலோருக்குத் திறக்கவில்லை.

ஆங்கிலேயர் காலத்துத் தேர்தலில் வரி கட்டியவருக்கும் சொத்து உள்ளவருக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குமே பெரும்பாலும் வாக்கு. அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை செய்யும் சேரிக்காரருக்கு இவற்றில் எது இருந்தது? 1932இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதி அறிவிக்கப்பட்டது. அதாவது நம் பிரதிநிதியை நம் மக்களே தேர்ந்தெடுப்பார்கள். சென்னை மாகாணத்துக்கு அப்படி 18 இடங்கள். காந்தியார் உண்ணாவிரதம் இருந்தார். பூனா ஒப்பந்தம் வந்தது. 18 என்பது 30 ஆனது. எண்ணிக்கை கூடியது. ஆனால் கடைசியில் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லோருடைய கைக்கும் போனது. அம்பேத்கர் வாழ்நாள் முழுவதும் வருந்திய இடம் இதுதான். இன்றைய ‘தனி’ என்ற சொல் அந்த ஒப்பந்தத்தின் பிள்ளை.

1942 போராட்டத்தில் கக்கன் சிறை சென்றார். பிறகு அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்று எழுதிய சபை அது. தும்பைப்பட்டிப் பூசாரி மகன் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தார் என்பதை நம் மாணவர்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் பொதுத்தேர்தலில், 1952இல், அவர் மதுரையிலிருந்து நாடாளுமன்றம் போனார். அன்றைய தேர்தல் முறை இன்றைக்கு வினோதமாகத் தெரியும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின் மேல் சின்னம். விரும்பும் பெட்டிக்குள் சீட்டைப் போட வேண்டியதுதான். முத்திரை குத்தத் தேவையில்லை. எழுத்தறியாதவருக்காகச் செய்த ஏற்பாடு.

இன்னொரு புதுமை, இரட்டை உறுப்பினர் தொகுதி. 1952இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 375 இடங்கள். தொகுதிகளோ 309தான். அவற்றில் 66 தொகுதிகள் இரண்டு உறுப்பினர்களை அனுப்பின. ஒன்று பொது இடம், மற்றது ஒதுக்கீட்டு இடம். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. இரண்டையும் ஒருவருக்கே போட முடியாது. ஒதுக்கீட்டு இடத்துக்குரிய வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவருக்கு முதலில் அந்த இடம் போகும். மீதியிருப்பவர்களில் யார் அதிகம் வாங்கினாரோ அவருக்குப் பொது இடம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. ஒதுக்கீட்டுச் சமூகத்தைச் சேர்ந்த இருவர் முதல் இரண்டு இடத்தைப் பிடித்தால் பொது இடமும் அவர்களுக்கே போகும். 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் அதுவே நடந்தது. பழங்குடியினர் இருவர் வென்றார்கள். தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு பழங்குடி உறுப்பினருக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் 1961இல் இரட்டை உறுப்பினர் முறையையே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். ஒதுக்கிய இடம் தனியாகவும் மற்ற இடம் தனியாகவும் பிரிந்தன. ஒடுக்கப்பட்டவர் ‘தனி’யில் மட்டுமே நிற்பார் என்ற எழுதாத விதி அதன்பின் கெட்டிப்பட்டது.

காமராசர் முதலமைச்சரானபின் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பொறுப்பு கக்கனிடம் வந்தது. 1957 தேர்தலில் அவர் மேலூரிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அந்த ஏப்ரலில் பொதுப்பணித் துறையும் அரிசன நலத் துறையும் அவர் கைக்கு வந்தன. தாமிரபரணிக் கரையில் இருக்கும் நமக்குப் பொதுப்பணித் துறை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மணிமுத்தாறு அணை அந்தக் காமராசர் ஆட்சிக்காலத்துப் பணி. எந்த மடையில் எப்போது தண்ணீர் திறப்பது என்பதுதான் இந்தப் பள்ளத்தாக்கில் அதிகாரம். அந்தத் துறைக்கு ஒரு தலித் அமைச்சரானது சின்ன விஷயமில்லை.

அதே 1957, தேர்தல் முடிவு ஒன்று இரத்தமாக மாறிய ஆண்டும்கூட. முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் தேர்வாகி, முதுகுளத்தூர்ச் சட்டமன்ற இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜூலையில் நடந்த இடைத்தேர்தலில் பார்வர்ட் பிளாக் வென்றது. யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள் என்று ஊர்கள் கணக்குப் பார்த்தன. மோதல் வெடித்தது. செப்டம்பர் 10 அன்று சமாதானக் கூட்டம் நடந்தது. மறுநாள் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். வீடுகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடுகளிலும் கலவரத்திலும் இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. காவல் துறை அப்போது பக்தவத்சலத்திடம் இருந்தது. ஆனாலும் அமைச்சரவையில் நம்மவர் ஒருவர் இருந்த காலத்தில்தான் இது நடந்தது. அமைச்சர் பதவி கிடைத்தால் சேரிக்குப் பாதுகாப்பு தானாக வந்துவிடாது என்பதை அந்த ஆண்டே காட்டியது.

1962 தேர்தலுக்குப் பின் கக்கன் வேளாண்மை அமைச்சரானார். 1963 அக்டோபரில் உள்துறை அவரிடம் வந்தது. மாநிலத்தின் காவல் துறை ஒரு தலித் அமைச்சரின் கீழ் வந்தது. ஆனால் 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. முதலமைச்சர் பக்தவத்சலம்தான் முடிவெடுத்தார் என்பார்கள். துறை அமைச்சர் என்ற முறையில் கக்கனும் அந்தப் பழியைச் சுமந்தார். அவர் மீது நமக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதை மறைத்துவிட்டு வரலாறு எழுத முடியாது.

1967 வந்தது. மேலூர் தெற்குத் தொகுதியில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் கக்கன் தோற்றார். அவர் மட்டுமா? விருதுநகரில் காமராசர் 1,285 வாக்கில் தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். அமைச்சர்களில் பூவராகன் ஒருவரே தப்பினார்.

இங்கேதான் மாணவர்கள் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். 1957இல் காங்கிரஸ் வாங்கியது 45.34 சதவீத வாக்கு; 205இல் 151 இடம். 1962இல் 46.14 சதவீதம், 206இல் 139 இடம். 1967இல் 41.10 சதவீதம், 234இல் 51 இடம்தான். பத்தாண்டில் குறைந்த வாக்கு நாலு சதவீதத்துக்குச் சற்று அதிகம். போன இடங்களோ நூறு. வென்ற தி.மு.க. வாங்கியது 40.69 சதவீதம், காங்கிரசைவிடச் சற்றுக் குறைவு. எதிர்க்கட்சிகள் இடங்களைப் பங்கிட்டுக் கூட்டணி கண்டதும், வாக்குச் சிதறாமல் ஒரே பக்கம் விழுந்ததும்தான் அந்த வித்தியாசத்தைச் செய்தன. மக்கள் எல்லோரும் கக்கனைக் கைவிட்டார்கள் என்று பேசுவது தவறு. கட்சி சாய்ந்தபோது அவரும் சாய்ந்தார்.

காமராசர் 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று நாடாளுமன்றம் போனார். கக்கனுக்கு அப்படி ஒரு திரும்புதல் அமையவில்லை. தேர்தல் அரசியலிலிருந்து ஒதுங்கினார். சொத்துச் சேர்க்காதவரின் முதுமை வறுமையில் கழிந்தது. மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் அவர் இருப்பதை, வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிந்து உதவிக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பர் 23 அன்று கக்கன் மறைந்தார். 1999இல் இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

அந்த மருத்துவமனைக் காட்சியைச் சொல்லிக் கண்கலங்குவது எளிது. நாம் கேட்பது வேறு. பத்தாண்டு அமைச்சராக இருந்தவருக்குக் கட்சி போனபின் பின்னால் நிற்க ஒரு கூட்டம் ஏன் இல்லாமல் போனது? ஒதுக்கீட்டு இடத்தில் நிற்பவர் ஊர் முழுவதற்கும் ஏற்றவராக இருக்க வேண்டும், சின்னம் தரும் தலைமைக்கும் ஏற்றவராக இருக்க வேண்டும். தன் சேரிக்கு மட்டும் கடன்பட்டவராக நின்றால் அவரால் வெல்ல முடியாது. கக்கனின் நேர்மை அவருடையது. அவருடைய தனிமையை உண்டாக்கியது இந்த ஏற்பாடு.

நம் சீமையில் 2021 தேர்தலைப் பாருங்கள். மூன்று தனித்தொகுதிகளிலும் வென்றது உதயசூரியன் சின்னம். ஒருவர் வேறு கட்சிக்காரர். ஆனாலும் அவரும் அந்தச் சின்னத்தில்தான் நின்றார். மறுபக்கம், நெல்லையின் ஐந்து பொதுத் தொகுதிகளில் நான்கு கட்சிகள் வென்றன. 2016இல் இராதாபுரத்தில் வெற்றி தோல்வியைத் தீர்த்ததாக அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 49 வாக்குகள். நம் தெரு ஒன்றில் அதைவிட அதிகம் வாக்காளர்கள் இருப்பார்கள். தனித்தொகுதி இல்லாத மாவட்டத்தில் நமக்கு வேலையில்லை என்று எண்ண வேண்டாம். பொதுத் தொகுதியிலும் நம் வாக்கு கணக்கில் வருகிறது. அதைக் கேட்டு வாங்கிய வேட்பாளரிடம் மயானப் பாதைக்கும் பட்டாவுக்கும் விடுதிக்கும் கணக்குக் கேட்கலாம்.

தேர்தல் முடிந்தபின் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை என்பதைத் தேர்தல் துறை படிவம் 20 என்ற பெயரில் வெளியிடுகிறது. நம் மாணவர்கள் அதை எடுத்துப் படிக்கப் பழக வேண்டும். அதே நேரம் அதில் ஒரு ஆபத்தும் உண்டு. சேரிக்கென்று ஒரு சாவடி இருந்தால், சேரி யாருக்குப் போட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும். வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டல் அச்சம் உள்ள இடங்களில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் அது நின்றது. பல இயந்திரங்களைச் சேர்த்து மொத்தமாக எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையமே பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 1957இல் முதுகுளத்தூர் கற்றுத் தந்த பாடம் இன்னும் தீரவில்லை என்பதற்கு இது சான்று. இதைக் கோரிக்கையாக எழுப்ப வேண்டியவர்கள் நாம்தான்.

டிசம்பர் 23 அன்று கக்கன் படத்துக்கு மாலை போடுங்கள். போட்ட கையோடு, கடந்த தேர்தலின் பட்டியலையும் உங்கள் சாவடிக் கணக்கையும் தெருப் படிப்பகத்தில் விரித்து வைத்துப் பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள்.